அஞ்சு வருஷம் செஞ்ச கேமை ஏன் தூக்கிப் போடுறாங்க?

2026 ஜனவரியில் பிரெஞ்சு கேம் கம்பெனியான யூபிசாஃப்ட் ஆறு கேம்களை ஒரே மூச்சில் ரத்து செய்தது. அதில் ஒன்று பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம் ரீமேக். 2020-இல் அறிவித்தார்கள். புனேயிலும் மும்பையிலும் இருக்கும் ஸ்டூடியோக்கள் செய்துகொண்டிருந்தன. 2022-இல் அவர்களிடமிருந்து எடுத்து கனடாவின் மான்ட்ரியல் ஸ்டூடியோவுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் யார் கையிலிருந்தும் வெளியே வரவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே ஒரு கேள்வி விழுந்தது: "பாதிக்கு மேல முடிச்சாச்சுல்ல, வந்த விலைக்கு வித்துட வேண்டியதுதானே?"

நான் கேம் ஆடுகிறவன் இல்லை. டெட்ரிஸோடு நின்றுவிட்டேன். ஆனால் சிங்கப்பூரில் கம்பெனிக் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு. அக்கா மகன் கேம் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவன். அதனால் இந்தக் கேள்வி குழுவில் எப்போது வந்தாலும் என் பக்கம்தான் திரும்பும். அங்கே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதல் விஷயம், செலவழித்த பணம் முடிவில் கணக்கே இல்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்பதற்காக யாரும் வேண்டாத சம்பந்தத்தைப் பேசி முடிப்பதில்லை. இனிமேல் எவ்வளவு போட வேண்டும், போட்டால் எவ்வளவு வரும், இவ்வளவுதான் கேள்வி. "பாதிக்கு மேல முடிச்சாச்சு" என்பவர்களுக்குத் தெரியாதது, அந்த மீதிப் பாதிதான் காசைத் தின்னும் என்பது. பிழை திருத்தம், பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் தனித்தனியாகச் சோதனை, பத்துப் பன்னிரண்டு மொழிகளில் வசனம், அதற்கு மேல் விளம்பரம். பெரிய கேம் என்றால் விளம்பரச் செலவு மட்டுமே தயாரிப்புச் செலவோடு போட்டி போடும். தயாரிப்புச் செலவு எவ்வளவு என்றால், 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சோனி கொடுத்த ஆவணம் ஒன்றில் எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் அடியில் இருந்தது எல்லாம் தெரிந்துவிட்டது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்கு ஏறத்தாழ 22 கோடி அமெரிக்க டாலர். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21 கோடிக்கு மேல். (இத்தனை கோடி புரள்கிற இடத்தில் ஒரு நல்ல மார்க்கர் வாங்க ஆளில்லை.)

ஆன்லைனில் பல வருஷம் ஓட்ட வேண்டிய கேம் என்றால் வெளியிட்ட பிறகும் செலவு ஓயாது. 2023 டிசம்பரில் சோனிக்குச் சொந்தமான நாட்டி டாக் ஸ்டூடியோ தன் லாஸ்ட் ஆஃப் அஸ் ஆன்லைன் கேமை நிறுத்தியபோது காரணத்தை மறைக்காமல் சொன்னது: இதை வெளியிட்டால் ஸ்டூடியோ மொத்தமும் வருஷக்கணக்கில் இதற்கே உழைக்க வேண்டியிருக்கும், மற்ற கேம்கள் அடிபடும். எனக்கு அது நேர்மையான முடிவாகத்தான் பட்டது. அடுத்த வருஷமே அதே சோனி கான்கார்ட் என்ற கேமை வெளியிட்டது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று சர்வரை அணைத்தார்கள். வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து, அக்டோபரில் அந்த ஸ்டூடியோவையும் மூடினார்கள். "வந்த விலைக்கு விற்பது" என்றால் இதுதான்.

ஆக, ரத்து செய்வதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் இவ்வளவு லேட்டாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் புகார். அதற்குப் பதில் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் நாங்கள் பின்பற்றும் கணக்கு விதிப்படி, ஒரு கேமை உருவாக்கக் கொடுத்த சம்பளத்தை, குறிப்பிட்ட கட்டம் தாண்டிய பிறகு, செலவு என்று எழுத மாட்டார்கள். சொத்து என்று எழுதுவார்கள். கட்டி முடிக்காத கட்டடம் மாதிரி அது வருஷா வருஷம், கம்பெனியின் சொத்தும் கடனும் எழுதும் ஐந்தொகையில் ஏறிக்கொண்டே போகும். அதுவரை லாபத்தில் ஒரு கீறல் விழாது. ரத்து என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அத்தனையும் ஒரே நாளில் நட்டமாக வந்து நிற்கும். இப்போது நீங்கள் அந்தப் பிரிவுக்கு மேலாளர் என்று வையுங்கள். கேம் தேறாது என்று மனசுக்குத் தெரிகிறது. சொன்னால் இந்தக் காலாண்டு நட்டம் உங்கள் தலையில். சொல்லாவிட்டால் "இன்னும் ஆறு மாசம் கொடுங்கள், மெருகேற்றுகிறோம்". என்ன செய்வீர்கள்? நான் பார்த்த வரைக்கும், கேம் என்றில்லை, எந்தத் தொழிலிலும் பெரும்பாலானவர்கள் ஆறு மாசம்தான் கேட்பார்கள்.

பிறகு ஒரு நாள் புதுத் தலைமை வரும், அல்லது வருஷமே மோசமாகப் போகும். எப்படியும் கெட்ட செய்தி சொல்லத்தான் வேண்டும் என்றானதும், அலமாரியில் அடைத்து வைத்தது மொத்தத்தையும் அன்றைக்கே வெளியே எடுத்துப் போடுவார்கள். ரத்துகள் எப்போதும் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2023 ஜனவரியில் யூபிசாஃப்ட், சொத்தாக எழுதி வைத்திருந்த தயாரிப்புச் செலவில் சுமார் 50 கோடி யூரோவை ஒரே அறிவிப்பில் நட்டத்தில் தள்ளியது. கூடவே பெயர்கூட வெளியே தெரியாத மூன்று கேம்கள் போயின. அதற்கு முந்தைய ஜூலையில் நான்கு. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு விதி கொஞ்சம் வேறு, அங்கே ஆள்குறைப்புதான் அந்த நாளைத் தீர்மானிக்கிறது. 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சுமார் 9,000 பேரை அனுப்பிய அதே வாரத்தில்தான் பர்ஃபெக்ட் டார்க், 2019-இல் அறிவித்த எவர்வைல்ட் என்ற அதன் இரண்டு கேம்களும் போயின.

இதில் நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. யூபிசாஃப்டின் 2023 ஜனவரி அறிவிப்பில் ஸ்கல் அண்ட் போன்ஸும் இருந்தது. ஆனால் ரத்தான பட்டியலில் இல்லை, மறுபடியும் தள்ளிப்போடுகிறோம் என்ற வரியில் இருந்தது. இங்கே ஒன்-நார்த் வட்டாரத்தில் இருக்கும் யூபிசாஃப்ட் சிங்கப்பூர் ஸ்டூடியோ செய்த கடற்கொள்ளையர் கேம். 2013-இல் வந்த அசாசின்ஸ் க்ரீட் 4-இன் கப்பல் சண்டையிலிருந்து முளைத்து, 2017-இல் அறிவிக்கப்பட்டு, எத்தனையோ முறை தள்ளி, 2024 பிப்ரவரியில்தான் கரை சேர்ந்தது. யூபிசாஃப்ட் தலைவர் ஈவ் கியெமோ அதை, பெரிய பட்ஜெட் கேம்களுக்குச் சொல்லும் ஏஏஏ-வுக்கும் மேலே, ஏஏஏஏ கேம் என்றார். ஆடிப் பார்த்தவர்கள் அதை வைத்து ஓட்டியது தனிக் கதை. அது ஏன் ரத்தாகவில்லை? இவ்வளவு ஆளை வேலைக்கு எடுக்க வேண்டும், சொந்தமாகப் புதுக் கேம் வெளியிட வேண்டும் என்று சிங்கப்பூர் அரசாங்கத்துடனான மானிய ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்ததாக 2021-இல் கேம் செய்தித் தளமான கொட்டாகு எழுதியது. அது உண்மையாக இருந்தால், ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒரு கேமையே காப்பாற்றும் என்று அர்த்தம். வரிப்பணத்தை வீணாக்கினார்கள் என்று நண்பர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. கேம் எப்படியோ போகட்டும், நம் பிள்ளைகள் நிறையப் பேரின் பெயர் திரையில் ஓடியது.

பெயர் ஓடுவது சின்ன விஷயமில்லை. அக்கா மகன் பொலிடெக்னிக் முடித்து, தேசிய சேவை முடித்து, முதலில் சேர்ந்த இடத்தில் (எந்த ஸ்டூடியோ என்று எழுத மாட்டேன்) அறிவிக்கப்படாத ஒரு கேமுக்குக் காடு வரைந்தான். மரம், பாசி, ஈரம், விடிகாலை வெளிச்சம். வீட்டிலேயே யாருக்கும் காட்டக் கூடாது. ஒரு நாள் கேமை நிறுத்திவிட்டார்கள். அடுத்த இடத்தில் நேர்முகம்: "இத்தனை நாள் என்ன செஞ்சீங்க, காட்டுங்க." காட்ட முடியாது, ரகசிய ஒப்பந்தம். கேமின் பெயரைச் சொல்லலாமா? அதுவும் கூடாது. ரெஸ்யூமேயில் 'அறிவிக்கப்படாத திட்டம்' என்று போட்டிருக்கிறான். அவன் படிப்பு காலத்தில் வரைந்ததைத்தான் இன்னமும் காட்டுகிறான். "மாமா, அதைப் பாத்தா எனக்கே வேலை குடுக்கத் தோணாது" என்றான். அக்கா பாவம், பேங்கில் ஐடி வேலைக்கு விளம்பரம் வந்தால் எடுத்து எனக்கு ஃபார்வேர்ட் செய்கிறாள்.

ரத்தான கேம் என்றால் எல்லாமே மண்ணோடு போக வேண்டும் என்றும் இல்லை. பிலிசார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி டைட்டன் என்ற கேமில் பல வருஷம் போராடி, கைவிட்டதாக 2014-இல் அறிவித்தது. அதே குழுவினர் அதில் மிஞ்சியதை வைத்து எழுப்பியது ஓவர்வாட்ச், 2016-இல் வந்து சக்கைப்போடு போட்டது. இதற்கு நேர் எதிர் வார்னர் பிரதர்ஸ். 2025 பிப்ரவரியில் வொண்டர் வுமன் கேமை நிறுத்தியதோடு மோனோலித் ஸ்டூடியோவையே மூடியது. அந்த ஸ்டூடியோ கண்டுபிடித்த, எதிரிகள் நம்மை ஞாபகம் வைத்துப் பழிவாங்கும் முறைக்கான காப்புரிமை 2036 வரை வார்னரிடம் கிடக்கிறது. கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

மானியம் கொடுக்கும்போது எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கத் தெரிந்த நமக்கு, இன்னொரு வரியும் கேட்கத் தெரிய வேண்டும். கேம் ரத்தானால் ஆறு மாதத்துக்குள், அதில் உழைத்தவர் தன் கையால் செய்த படத்தையும் மாடலையும் வேலை தேடும்போது காட்டலாம். கதை வேண்டாம், கம்ப்யூட்டர் நிரல் வேண்டாம், கேமின் பெயர்கூட வேண்டாம். நட்டக் கணக்கு எழுதி முடித்த பிறகு அந்த மரமும் பாசியும் கம்பெனிக்கு ஒரு காசு பெறாது. ஐந்தொகையிலேயே பூஜ்யம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். பூஜ்யத்தைப் பூட்டி வைப்பதற்கு வக்கீல் எதற்கு?

ஸ்டூடியோவில் இருக்கும் தம்பி தங்கைகளே, இப்படி ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், அக்கா மகனிடம் சொல்ல வேண்டும். கமெண்டில் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள், உள்பெட்டிக்கு வாருங்கள்.