தடைக்கே தடை

நம்ம ஊரில் ‘ஸ்டே வாங்கிட்டாங்க’ என்றால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அர்த்தம் தெரியும். வீட்டை இடிக்கிறதுக்கு ஸ்டே, டிரான்ஸ்ஃபருக்கு ஸ்டே, சங்கத் தேர்தலுக்கு ஸ்டே. ஒரு கால்பந்து வீரர் உலகக் கோப்பையில் ஆடுவதற்காக ஸ்டே வாங்கிய கதை மட்டும் இங்கே பலருக்குத் தெரியாது. பெரு அணியின் கேப்டன் பாவ்லோ கெரேரோ, 2018. விளையாட்டுச் சட்ட வழக்குகளில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

2017 அக்டோபர் 5, புவெனஸ் ஐரிஸில் அர்ஜென்டினாவோடு தகுதிச் சுற்று ஆட்டம், 0-0. முடிந்ததும் கெரேரோவிடம் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். அது ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், 10ஆம் தேதி லிமாவில் கொலம்பியாவோடு அடுத்த ஆட்டம். பெரு ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. நடுவர் கொடுத்தது மறைமுக ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் மேல் படாமல் நேராக உள்ளே போனால் கோல் கிடையாது. கெரேரோ நேராகவே அடித்தார். கொலம்பியா கோல்கீப்பர் ஒஸ்பினா சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும். பாய்ந்து தொட்டார், கோல். 1-1. அந்த ஒரு புள்ளியில்தான் பெரு, உலகக் கோப்பைக்குப் போக மிச்சமிருந்த கடைசி வாய்ப்பான பிளேஆஃபுக்கே போனது.

நவம்பர் தொடக்கத்தில் ஆய்வு முடிவு வெளியானது. பென்சாயில்எக்கோனின். கோகெய்ன் உடம்பில் போய்ச் சிதையும்போது உண்டாகும் பொருள், ஆனால் கோகா இலை டீ குடித்தாலும் உண்டாகும். பெருவில் கோகா டீ நம்ம சுக்குக் காபி மாதிரி. தான் குடித்த டீயில் அது கலந்திருந்தது தெரியாது என்றார் கெரேரோ. அவர் தரப்பு வாதத்தில் 500 வருடப் பழைய இன்கா மம்மிகள்கூட வந்தன. அவற்றின் தலைமுடியில் இதே பொருள் இருந்தது என்று எடுத்து வைத்தார்கள்!

முடிவு வந்ததுமே தற்காலிகத் தடைக்குள் போய்விட்ட கேப்டன் இல்லாமலே பிளேஆஃபில் நியூசிலாந்தை 2-0 என்று வென்றது பெரு. 1982க்குப் பிறகு முதல் உலகக் கோப்பை. கோல் அடித்த ஃபர்ஃபான், கெரேரோவின் 9ஆம் எண் சட்டையைத் தூக்கிப் பிடித்து அழுதார். அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஆரம்பித்தது வழக்கு. டிசம்பரில் ஃபிஃபா ஒழுங்குக் குழு ஒரு வருடத் தடை விதித்தது. அதே மாதம் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழு அதை ஆறு மாதமாகக் குறைத்தது. 2018 மே முதல் வாரத்தில் தடை முடிந்து ஆளும் களத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் வாடா விடவில்லை. (உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சுருக்கப் பெயரே அதுதான். தமிழில் எழுதும்போது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தால் நான் பொறுப்பில்லை.) சுவிட்சர்லாந்தின் லாசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் வாடா 22 மாதம் கேட்டது. கெரேரோ தடையையே ரத்து செய்யக் கேட்டார். மே 14 அன்று தீர்ப்பு: 14 மாதம். ஏற்கனவே கழித்த ஆறு போக இன்னும் எட்டு. உலகக் கோப்பைக்கு ஒரு மாதமே இருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி அந்தத் தீர்ப்பு தப்பில்லை. ஊக்கத்துக்காக எடுக்கவில்லை என்பதைத் தீர்ப்பாயமே ஒப்புக்கொண்டது. அவருடைய தவறு பெரியதில்லை என்றும் சொன்னது. ஆனால் ‘பெரிய தவறில்லை’ என்றால் ஒன்று முதல் இரண்டு வருடம் என்று விதி இருக்கிறது. ஆறு மாதம் அந்த வரம்புக்குள் வரவே வராது. தன் உடம்புக்குள் போவதற்குத் தானே பொறுப்பு என்ற விதியைத் தளர்த்தினால் நாளைக்கு எல்லோரும் டீ கதையோடு வந்து நிற்பார்கள், அதுவும் நிஜம். கெரேரோவும் சாது இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்பில் ஆடியபோது ரசிகர் மேல் தண்ணீர் பாட்டிலை எறிந்தவர். 2012இல் எதிரணி கோல்கீப்பரை முரட்டுத்தனமாக வீழ்த்தி எட்டு ஆட்டத் தடை வாங்கியவர். அதெல்லாம் அவர் தேடிக்கொண்டது, நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

என் பிரச்சினை வேறு. தடையை மாதக் கணக்கில் அளக்கிறவர்கள் எல்லா மாதமும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டியில் ஒரு வருடம் இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் சுற்றில் நடுவரைத் தள்ளிவிட்ட ஒருவனுக்கு ஒரு ஆட்டத் தடை. அவன் டீம் அடுத்த ஆட்டத்தை அவன் இல்லாமலே ஊதித் தள்ளியது. அரையிறுதியில் எங்கள் ஃபார்வர்டு அதே காரியத்தைச் செய்தான், அதே ஒரு ஆட்டத் தடை. எங்களுக்கு அது ஃபைனல். கமிட்டிக்காரர்கள் ‘ரெண்டு பேருக்கும் சமமாத்தானே கொடுத்தோம்’ என்றார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். நம்பினால் நம்புங்கள், அவன் கோல் போஸ்ட் பின்னால் மணலில் உட்கார்ந்து ஃபைனல் முடிகிறவரை ஷூவைக் கழற்றவே இல்லை.

34 வயது கெரேரோவுக்கு, 36 வருடம் கழித்து நாட்டுக்கு வந்த உலகக் கோப்பை. அந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு மாதம்தான் தண்டனை, மிச்ச ஏழும் விடுமுறை.

இதை வக்கீல்களுக்கு முன்னாடி புரிந்துகொண்டவர்கள் மூன்று கேப்டன்கள். பிரான்ஸின் லோரிஸ், டென்மார்க்கின் கியார், ஆஸ்திரேலியாவின் ஜெடினாக். மூவருமே பெருவோடு ஒரே பிரிவில் ஆட வேண்டியவர்கள். எதிரணியின் முக்கிய ஆள் இல்லாவிட்டால் லாபம் இவர்களுக்குத்தான். அவர்கள்தான் தடையைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கச் சொல்லி ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை, தள்ளிவைக்கச் சொன்னார்கள். கவனித்தீர்களா?

கெரேரோ சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அதுவும் லாசானில்தான் இருக்கிறது. விளையாட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவைச் சில குறுகிய காரணங்களுக்காக மட்டுமே அங்கே எதிர்க்க முடியும். டீயா, கோகெய்னா என்று மறுபடியும் விசாரிக்கிற இடமில்லை அது. மே 31 அன்று அது ஸ்டே கொடுத்தது. வயது 34, இந்த உலகக் கோப்பை அவர் வாழ்க்கையின் உச்சம், வேண்டுமென்று செய்ததில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஃபிஃபாவும் வாடாவும் தள்ளிவைப்பதை ஒரேயடியாக எதிர்க்கவில்லை. இவ்வளவுதான் அது பார்த்தது. ஆள் குற்றவாளியா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த மாதம் என்பதை மட்டும் மாற்றியது. இந்த மொத்த வழக்கிலும் எனக்கு நியாயமாகப் பட்ட ஒரே உத்தரவு அதுதான்.

ஜூன் 26, ரஷ்யாவின் சோச்சி, ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். நம் நேரத்துக்கு இரவு ஏழரை மணி. அதே நேரம் பிரான்ஸ் - டென்மார்க் ஆட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. (அதைப் பார்த்தவர்கள் பாவம், 0-0.) பெரு ஏற்கனவே இரண்டு ஆட்டம் தோற்று வெளியே போயாகிவிட்டது. 50ஆவது நிமிடம் பெனால்டி பெட்டிக்குள் கெரேரோ இடது காலால் அடித்த பந்து உள்ளே போனது. 2-0. 1978க்குப் பிறகு உலகக் கோப்பையில் பெருவின் முதல் வெற்றி. எதிரே கேப்டன் பட்டையோடு நின்றவர், கையெழுத்துப் போட்ட அதே ஜெடினாக். ஆஸ்திரேலியா வீட்டுக்குப் போனது.

ஆகஸ்டில் நீதிமன்றம் ஸ்டேயை விலக்கியது. கெரேரோ மிச்சத் தண்டனையை ஒரு நாள் குறையாமல் அனுபவித்து, 2019 ஏப்ரலில்தான் களத்துக்கு வந்தார். அதற்குள் பிரேசிலில் புது கிளப்பில் சேர்ந்திருந்ததால் அந்த கிளப்புக்கு அது நஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் ‘சலுகை’ என்று சொல்கிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

சலுகை என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? 2025 நவம்பர், டப்ளின். அயர்லாந்து வீரரை முழங்கையால் இடித்ததற்காக ரொனால்டோவுக்குச் சிவப்பு அட்டை. ஃபிஃபா மூன்று ஆட்டத் தடை விதித்தது, அதிலேயே இரண்டை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தது. மிச்சம் ஒன்றை ஆர்மீனியாவோடு நடந்த ஆட்டத்தில் ஏற்கனவே கழித்தாகிவிட்டது. போர்ச்சுகல் அதை 9-1 என்று வென்றது. ஆக 2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலிருந்தே ஆடலாம். மறுபடி அதே மாதிரித் தப்பு செய்யாவிட்டால் அந்த இரண்டு ஆட்டத் தடை அப்படியே காலாவதியாகிவிடும்.

எந்த மாதம் என்பது முக்கியம் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே இதை எதிர்க்கலாமா என்று கேட்பீர்கள். எதிர்க்கிறேன். கெரேரோவுக்குத் தள்ளிப்போனது, ரொனால்டோவுக்குத் தள்ளுபடி ஆனது. அங்கே நஷ்டப்படப் போகிறவர்களே கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். இங்கே யாரைக் கேட்பது? அந்த முடிவு வந்த நாளில் உலகக் கோப்பைக்கான குலுக்கலே நடக்கவில்லை. போர்ச்சுகலோடு மோதப் போகும் அணிகள் எவை என்றே அப்போது யாருக்கும் தெரியாது.