பி-26 விபத்துகளுக்குக் குட்டை இறக்கை மட்டும் காரணமல்ல
இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்க இரட்டை என்ஜின் குண்டுவீச்சு விமானமான பி-26 மராடர் பயிற்சியில் அடிக்கடி விழுந்ததற்கு அதன் குட்டையான 65 அடி இறக்கைதான் காரணம் என்று சொல்வார்கள். பாதிதான் சரி. புரொப்பெல்லரை விட்டுவிடுகிறார்கள். அதன் நான்கு பிளேடுகளின் சாய்வுக் கோணத்தை மாற்றியது மின்மோட்டார். தரையில் பேட்டரியிலேயே நீண்ட நேரம் சோதனை செய்தால் மின்சாரம் வடிந்துவிடும். அப்புறம் ஓடுபாதையில் முழு விசை கொடுத்ததும் பிளேடுகள் தட்டைக் கோணத்துக்குப் போய், என்ஜின் கட்டுமீறிச் சுழலும், இழுவிசை போய்விடும். விமானம் அந்த என்ஜின் இருக்கும் பக்கமே சாயும். தாழ்ந்த உயரத்தில் மீட்க நேரமேது? அனுபவமற்ற விமானிகளைவிட, பழக்கமில்லாத மெக்கானிக்குகள் செய்த தவறு இதில் பெரிது. தரைச் சோதனைக்கு, வெளியிலிருந்து மின்சாரம் தரும் வண்டியை இணைப்பதே மருந்து. இறக்கை பின்னர் 71 அடியானது, ஆனால் எடையும் கூடவே ஏறியதால் இறங்கும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. நெதர்லாந்தின் ஐமாய்டென் நகர் மீது மராடர்கள் நடத்திய தாக்குதலில் நேர்ந்த இழப்பையும் சிலர் இதோடு சேர்க்கிறார்கள். அது வேறு கதை. 1943 மே 17 அன்று 11 விமானங்கள் புறப்பட்டன, ஒன்று வழியில் திரும்பியது, மற்ற 10-ம் வரவேயில்லை. அங்கே தவறு தாழப் பறக்கச் சொன்ன உத்தரவில். 10,000 அடிக்கு மேல் பறக்கத் தொடங்கிய பின் இதே மராடரின் இழப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது.