லாக் புக்கில் எட்டு, கையில் மூன்று

போன மாதம் குடலிறக்க அறுவைக்கு வந்திருந்த ஒருவரின் மனைவி, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "சார், ஆபரேஷன நீங்க பண்ணுவீங்களா, இல்ல இந்தப் படிக்கிற பொண்ணு பண்ணுமா?"

அந்தப் "படிக்கிற பொண்ணு" பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, எம்.எஸ். பொது அறுவை சிகிச்சையில் இரண்டாம் வருடம். முகம் சுருங்கிவிட்டது. நான், "அவங்க செய்வாங்கம்மா. எதிர்ல நான் நிப்பேன். ஒவ்வொரு வெட்டும் என் கண்ணு முன்னாடிதான்" என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேள்வி நியாயமானது. நம் ஊரில் ஒரு சர்ஜன் எப்படி உருவாகிறார் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. எம்.எஸ். சீட் கிடைத்த பையனின் அப்பாவுக்கே தெரியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

பாடத்திட்டத்தைக் காகிதத்தில் படித்தால் குறை சொல்லத் தோன்றாது. மூன்று வருடம். வார்டு, ஓ.பி., கேஷுவாலிட்டி, தியேட்டர். நடுவில் மற்ற துறைகளில் சில வாரங்கள். ஒரு தீஸிஸ், ஆராய்ச்சி முறை பற்றி ஒரு கோர்ஸ், நெறிமுறை பற்றி ஒன்று, உயிர்காப்புப் பயிற்சி ஒன்று. மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம், இதற்கு மாவட்ட ரெசிடென்சி என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே லாக் புக். செய்த ஒவ்வொரு அறுவைக்கும் எதிரே ஒரு குறி போட வேண்டும். கைகழுவி உள்ளே நின்று பார்த்தால் 'ஓ'. உதவி செய்தால் 'ஏ'. மூத்தவர் கூடவே நிற்க நாமே செய்தால் 'பி.ஏ.'. தனியாகச் செய்தால் 'பி.ஐ.'. ஓ-வில் தொடங்கி பி.ஐ.-யில் முடிய வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் லாக் புக்கில் பொய் இருக்கிறது.

ஃபைனல் இயர் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் மூன்று வருட லாக் புக்கை எழுதினோம். ஒருவன் தியேட்டர் ரெஜிஸ்டரின் ஜெராக்ஸிலிருந்து தேதியையும் ஐ.பி. நம்பரையும் படிக்க, மற்றவர்கள் எழுதினோம். எல்லாம் ஒரே பேனாவில் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று நீலம், கறுப்பு, ஜெல் பேனா என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே டீக்கறை வைத்தான் ஒரு புண்ணியவான். குடலிறக்கம் என்ற தலைப்பில் எட்டுக்கு நேராக நான் பி.ஐ. போட்டேன். உண்மையில் முழுதாக என் கையால் செய்தது மூன்று. மீதி ஐந்தில் வெட்டிய இடத்தை விரித்துவைக்கும் ரிட்ராக்டரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மறுநாள் எங்கள் சார் பக்கத்தைக்கூடத் திருப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரும் தன் காலத்தில் அப்படித்தான் வாங்கியிருப்பார்.

நோயாளி இல்லாததால் இப்படி ஆகவில்லை. வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த காலம் அது. பிரச்சினை வரிசையில் இருந்தது. மேஜைக்கு முன்னால் சீஃப், அவருக்குப் பின் ஏ.பி. என்கிற உதவிப் பேராசிரியர், பின் ஃபைனல் இயர், பின் செகண்ட் இயர், கடைசியில் ஃபர்ஸ்ட் இயர். ஒரு குடலிறக்கத்தை ஏ.பி. நாற்பது நிமிடத்தில் முடிப்பார். பழகும் கைக்கு ஒன்றரை மணி நேரம். லிஸ்ட்டில் இன்னும் நான்கு கேஸ் இருக்கும், மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்ப்பார், சிஸ்டர் அடுத்த டிரேயை விரிக்கலாமா என்று கேட்பார். "தள்ளுப்பா, நான் முடிச்சிடறேன்" என்ற குரல் வந்துவிடும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து கேஸை முடிப்பதைக் கேட்க ஆள் உண்டு, ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்தாயா என்று கேட்க ஆள் இல்லை.

பெரிய மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் நிறைய கற்கலாம் என்பதும் பாதி உண்மைதான். அங்கே எம்.சிஎச். துறைகள், அதாவது ஒவ்வோர் உறுப்புக்குமான தனிச்சிறப்பு அறுவைத் துறைகள், எல்லாம் இருக்கும். சிறுநீரகக் கல் யூராலஜிக்குப் போய்விடும். பித்தப்பையும் கணையமும் சர்ஜிகல் கேஸ்ட்ரோவுக்கு. மார்பகக் கட்டி ஆன்காலஜிக்கு, வெரிகோஸ் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் வாஸ்குலருக்கு, தைராய்டுக்குத் தனித் துறை இருந்தால் அதற்கு. இது நோயாளிக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பொது அறுவை யூனிட்டில் மிஞ்சுவது சர்க்கரைப் புண், சீழ்க்கட்டி, குடல்வால், குடலிறக்கம், விபத்து. ஃபர்ஸ்ட் இயர் பி.ஜி.க்கு அதுவும் இல்லை. அவர் ரத்த வங்கிக்கு ஓடுவார், ஸ்கேனுக்குத் தேதி வாங்குவார், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவார், காப்பீட்டுத் திட்டத்துக்கு நோயாளியின் போட்டோவை அப்லோட் செய்வார், சர்வர் ஏன் வேலை செய்யவில்லை என்று போனில் கெஞ்சுவார். இதற்கெல்லாம் லாக் புக்கில் குறி இருந்தால் எங்கள் எல்லோருக்கும் பி.ஐ.தான்.

தேர்வாவது இதைக் கண்டுபிடிக்குமா? எனக்கு ஒரு லாங் கேஸ், சில ஷார்ட் கேஸ், பிறகு வைவா. ஒருவர் கருவியை எடுத்து நீட்டி இது என்ன என்றார். ஒருவர் எக்ஸ்-ரேயைக் காட்டினார். ஒருவர் ஜாடியில் இருந்த குடலைக் காட்டினார். நன்றாகப் பேசினேன், பாஸ். ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. காரோட்டிக் காட்டாமல் லைசென்ஸ் கொடுப்பதாகக் கேள்விப்பட்டால் நமக்குக் கோபம் வருகிறது இல்லையா?

அமெரிக்காவைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமில்லை, ஆனால் அவர்கள் எண்ணும் விதத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பொது அறுவைப் பயிற்சி ஐந்து வருடம். அதற்குள் குறைந்தது 850 பெரிய அறுவைகள் கணக்கில் இருக்க வேண்டும். எனக்கு அந்த 850-ஐவிடப் பிடித்தது இன்னொரு எண். 25. சீனியர் ரெசிடென்ட், அதாவது பயிற்சியில் மூத்தவர், எதிர்ப்பக்கம் நின்று ஒரு ஜூனியரைச் செய்ய வைத்த அறுவை குறைந்தது 25 இருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பதையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்! 2023 ஜூலையிலிருந்து இன்னொன்றும் வந்திருக்கிறது. குடல்வால் நோயாளியைப் பார்ப்பது, குடலிறக்கத்தைச் சரிசெய்வது என்று 18 வேலைகளைப் பிரித்துவைத்து, ஒவ்வொன்றிலும் இந்தப் பிள்ளையை எந்த அளவுக்கு நம்பி விடலாம் என்று மேலே இருப்பவர் அவ்வப்போது பதிந்துகொண்டே வர வேண்டும். எத்தனை செய்தாய் என்பதோடு எவ்வளவு நம்பலாம் என்பதும் சேருகிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்தால் அங்கேயும் ஜெல் பேனா வந்துவிடும், மனிதர்கள் எங்கும் ஒன்றுதான்.

அவர்களுடைய கதையிலும் கோளாறு உண்டு. ரெசிடென்ட் என்ற சொல்லே மருத்துவமனையிலேயே குடியிருந்ததால் வந்தது. பால்டிமோரில் 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் இந்த முறையை வளர்த்தார். தியேட்டரில் ரப்பர் கையுறை பழக்கமாவதற்கும் அவர்தான் காரணம். மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கொக்கெயினைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவரும் அவரே. அப்படிப்பட்டவர் வகுத்த தூங்காத வாழ்க்கையை உலகமே பின்பற்றியது. அமெரிக்காவில் 2003-ல்தான் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று நாடு முழுவதற்கும் வரம்பு வந்தது. நம் நாட்டிலோ 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் நாளைக்கு 12, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. இதை எங்கள் பி.ஜி.க்களிடம் சொன்னேன், சிரித்தார்கள். ஒருவர், "எந்த வாரம் சார்?" என்றார்.

எனக்கு 850 வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தாலுகா மருத்துவமனையில் வந்து இறங்கும் கேஸ்கள் எவை என்று பார்த்து ஒரு பத்துப் பன்னிரண்டை எடுங்கள். வெடித்த குடல்வால், சிக்கிய குடலிறக்கம், ஓட்டை விழுந்த டுவோடினம் (சிறுகுடலின் தொடக்கம்), மார்பில் குழாய் போடுவது, சீழ் பிடித்த சர்க்கரைக் கால், இப்படி. ஒவ்வொன்றிலும் இத்தனை பி.ஏ., இத்தனை பி.ஐ. என்று கட்டாயமாக்குங்கள். அன்றைக்கே, அந்த ரெஜிஸ்டருக்குப் பக்கத்திலேயே, மேற்பார்த்தவர் இரண்டு வரி எழுதட்டும். இது இல்லாமல் தேர்வுக்கு ஹால் டிக்கெட் இல்லை. முதல் வருடத்தில் கல்லூரி அட்டைப்பெட்டியிலாவது லேப்ராஸ்கோபி (சின்னத் துளை வழியே செய்யும் அறுவை) பயிற்சியைக் கொடுக்கட்டும். பெட்டிக்குள் போன் கேமரா, இரண்டு பழைய கருவி, கொஞ்சம் கடலை. கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுங்கள். நான் அப்படித்தான் பழகினேன். செலவு கடலைக்கு மட்டும்தான்.

மாவட்ட ரெசிடென்சி வந்தபோது நானும் முணுமுணுத்தவன்தான். காலியிடத்தை நிரப்பப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்றேன். சில இடங்களில் அது நடக்கிறது, தங்க இடம்கூட இல்லாமல் அலைகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எங்களுடையதைப் போன்ற மருத்துவமனையில் சர்ஜன் இரண்டே பேர். வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. வந்த பிள்ளைக்குக் கத்தி கிடைக்கிறது.

அந்தக் குடலிறக்கத்துக்கு வருகிறேன். வலது பக்கம். வலது பக்கம் என்றால் செய்பவர் வலப்புறம் நிற்க வேண்டும், உதவுபவர் எதிரே. தியேட்டரில் யார் செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் போதும். அவர் பழக்கதோஷத்தில் நேராக எதிர்ப்பக்கம் போய் நின்றார். "இந்தப் பக்கம் வாம்மா" என்றேன். ஒரு கணம் புரியவில்லை.

நோயாளி விழித்திருக்கிறார், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருக்கிறது. அதனால் சத்தம் போட முடியாது. முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டோம்: "சிஸ்டர், லைட்ட கொஞ்சம் திருப்புங்க" என்று நான் சொன்னால் கையை நிறுத்த வேண்டும். தோல், கொழுப்பு தாண்டி, வெள்ளையாகப் பட்டுப்போலப் பளபளக்கும் உறை வந்தது. அதைச் சின்னதாகக் கீறிவிட்டுக் கத்தரியை உள்ளே விடப்போனார். "சிஸ்டர், லைட்டு." நின்றார். உறையின் ஓரத்தை நான் தூக்கிப் பிடித்தேன். அடியில் வெள்ளை நூல்போல நரம்பு. அதை வெட்டினால் அந்த மனிதருக்குத் தொடை இடுக்கு மரத்துப்போகும், தையலில் சிக்கினால் வருடக்கணக்கில் எரியும். விலக்கிவிட்டு வெட்டினார்.

குடல் பிதுங்கி இறங்கும் பையைப் பிரிப்பதற்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம். விந்துக்குழாயை விரலில் உருட்டிப் பார்த்து, விட்டுவிட்டு, மறுபடி உருட்டிப் பார்த்தார். என் கை பரபரத்தது. வாங்கிச் செய்தால் ஐந்து நிமிடம். மயக்க மருத்துவர் மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். ரிட்ராக்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஏ.பி. அன்று "தள்ளுப்பா" என்று சொன்னது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. பலவீனமான இடத்தை மூடும் வலையை வைத்து முதல் தையலை எலும்பு முனைக்குப் பக்கத்தில் போட்டபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "முடிஞ்சுதா சார்? டீ குடிக்கலாமா?" என்று குரல் வந்தது. மொத்தம் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்.

சாயங்காலம் லாக் புக்கோடு வந்தார். தேதி, ஐ.பி. நம்பர், அறுவை எல்லாம் எழுதியிருந்தார். கடைசிக் கட்டம் மட்டும் காலி. நான் 'பி.ஏ.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"சார், முழுசா நான்தானே..."

"எதிர்ல நான் நின்னேன்ல. வியாழக்கிழமை ரெண்டு ஹெர்னியா இருக்கு, சீக்கிரம் வந்துடு."