மூதேவி என்பது மூத்தவளின் பெயர்

வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஒரு பெரியவர் எல்லோர் முன்னிலையிலும் "மூதேவி" என்று ஏசியதையும், அவள் சாம்பார் வாளியை அப்படியே வைத்துவிட்டு வெளியேறியதையும் நம்மில் பலர் பார்த்தோம். மறுநாளே, "கோபத்தில் வந்த ஒரு சொல்லைப் பெரிதாக்காதீர்கள்" என்று எனக்கு அறிவுரையும் வந்துவிட்டது. சொல் சிறியது என்றால், பரிமாறிக்கொண்டிருந்தவள் ஏன் அழுதுகொண்டு போனாள்?

மூதேவி என்றால் மூத்த தேவி. பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்பே தோன்றியவள். வடமொழியின் ஜ்யேஷ்டா தமிழில் சேட்டை ஆனாள். பிள்ளைகள் செய்யும் சேட்டை வேறு சொல். குறள் அவளைத் தவ்வை என்கிறது. தவ்வை என்றால் அக்காள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் திருப்பரங்குன்றத்திலும் அவளுக்குச் சிலை உண்டு. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டு அவளைச் 'சேட்டையார்' என்றே மரியாதையாகக் குறிக்கிறது. அவள் மடியில் செல்வத்தைத் தேடுகிறீர்களே என்று தொண்டரடிப்பொடியாழ்வார் கண்டிக்கிறார் என்றால், அப்படி வணங்கியவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

"வள்ளுவரே அவளைத் தாழ்த்திப் பாடவில்லையா" என்பீர்கள். பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு விலகிவிடுவாள் என்றார். பழி பொறாமைக்காரனுக்கு. பந்தியில் பரிமாறும் பெண்ணுக்கு அந்தக் குறளில் இடமே இல்லை.

எங்கள் அக்காவையும் உறவினர்கள் இந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். அப்பா போன பிறகு, கன்னத்தில் பூசிய தனாக்கா என்ற பர்மிய மரப்பட்டைச் சாந்து காயுமுன்பே அடுப்பைப் பற்றவைத்து, ரங்கூன் தெருவோரத்தில் தோசை சுட்டு விற்று எங்களைப் படிக்கவைத்தவள் அவள். தங்கைக்கு முதலில் கல்யாணம் கூடிவந்தபோது, "மூதேவி முகூர்த்தத்தில் முன்னால் நிற்க வேண்டாம்" என்று அவளை அடுப்படிக்கு அனுப்பினார்கள். தாலி கட்டும்போது கொட்டிய மேளத்தை அவள் அங்கிருந்துதான் கேட்டாள்.

பத்மபுராணத்தில், அக்காளுக்கு மணமாகாமல் நான் மணக்கமாட்டேன் என்று திருமகள் திருமாலிடம் மறுத்துவிடுகிறாள். அதன் பிறகே மூத்தவளை உத்தாலக முனிவருக்குக் கொடுக்கிறார்கள். "அந்த முனிவரே அவளை அரசமரத்தடியில் விட்டுப் போனாரே" என்று சொல்பவர்களும் வருவார்கள். போனார். ஆனால் சனிக்கிழமைதோறும் தங்கை அந்த மரத்தடிக்கு அக்காளைத் தேடி வருகிறாள் என்றும் அதே கதைதான் சொல்கிறது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணைத் தேடி நம்மில் ஒருவரும் பந்தியை விட்டு எழுந்து போகவில்லை. நானும் போகவில்லை.