மூன்றே விஷயம்தானாம்!

"தம்பி, இதில் மூன்றே விஷயம்தான். எரிபொருள், காற்று, சூடு. மூன்றும் சரியாக இருந்தால் என்ஜின் ஓடியே தீரும்."

இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு என்னிடம் இதைச் சொன்ன பெரியவர் இந்நேரம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பார். என் பெற்றோர் என்னை ஒழுங்காக வளர்த்ததால் அவருக்குக் கிடைத்த பலன் அது. அவர் அந்த வாக்கியத்தை அருளியபோது என் ஆள்காட்டி விரல் நகத்தடியில் ரத்தம் கட்டியிருந்தது. சட்டையில், புருவத்தில், கைக்கடிகாரப் பட்டையில், எங்கும் விளக்கெண்ணெய். இரண்டு மணி நேரமாக, என் மாடல் விமானத்தின் 7.5 சிசி க்ளோ என்ஜினை ஸ்டார்ட் செய்ய அதன் ப்ரொப்பெல்லரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஃபிளாஸ்க் மூடி நிறையக் காபி. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றே விஷயம். ஆமாம் ஐயா. கல்யாணமும் மூன்றே விஷயம்தான்: பெண், மாப்பிள்ளை, தாலி. போய் ஒன்றை நடத்தி வைத்துப் பாருங்கள்.

எரிபொருள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாரே, அதற்குள்ளேயே மூன்று பொருள் இருக்கிறது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். கேன் மூடியைச் சரியாகத் திருகாமல் ஒரு பெங்களூரு மழைக்காலத்தைக் கடத்திவிட்டால், மிஞ்சுவது எரிபொருளா தீர்த்தமா என்று யாருக்கும் தெரியாது. நிறமும் மாறாது, மணமும் மாறாது. எண்ணெய் என்பது விளக்கெண்ணெய். குழந்தைப் பருவத்தில் மூக்கைப் பிடித்து என் வாயில் ஊற்றினார்களே, அதே சனியன். நாற்பது வயதில் காசு கொடுத்து அதைத் திரும்ப வாங்கி முகத்தில் பூசிக்கொள்கிறேன்.

இந்த என்ஜினைச் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். "இரண்டு டேங்க்தான் ஓடியிருக்கிறது" என்றார் விற்றவர். அந்த இரண்டு டேங்க் எந்த ஆண்டில் ஓடின என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உள்ளே விளக்கெண்ணெய் இறுகிப் பழுப்புப் பிசினாகி, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் தண்டு அசையவே இல்லை. மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து அரை மணி நேரம் சூடு காட்டிய பிறகுதான் முனகியது. "குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுத்தீர்களா?" என்று அவள் அடுக்களையிலிருந்து கேட்டாள். ஹேர் டிரையருக்கு இன்றும் அந்த வாசனை போகவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேசுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

பிரித்தேன். பின்பக்க மூடியின் நான்கு ஸ்குரூக்களில் மூன்றின் தலையை எனக்கு முன்பே எவனோ ஒரு புண்ணியவான் வழித்து வைத்திருந்தான். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் ஒன்று உண்டு, கொசுவின் கால் அளவுக்கு. அதை இடுக்கியால் தொட்டதுதான் தாமதம், "டிங்" என்றது. அவ்வளவுதான், ஆளைக் காணோம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டே ஊர்ந்தேன். இரண்டு ஹேர்பின்னும் காணாமல்போன ஒரு மூக்குத்தித் திருகும் கிடைத்தன. (திருகு கிடைத்ததற்கு நன்றி சொல்லவில்லை. ஏன் கட்டிலுக்கு அடியில் இருந்தேன் என்பதைத்தான் கேட்டாள்.) மூன்றாவது நாள் என் செருப்புக்குள் வளையம் இருந்தது.

திரும்பப் பூட்டும்போது பின்மூடி கேஸ்கட் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். அத்தை மகன் கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவாத மூலையை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். பிறகு சுற்றிப் பார்த்தால் பிஸ்டன் மேலே போய் இறுகி நின்றுவிட்டது. கெட்டது குடி என்று அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள்தான் தெரிந்தது: இவ்வகை என்ஜினில் சிலிண்டரின் மேல் பகுதி ஒரு மயிரிழை குறுகலாகவே கடையப்பட்டிருக்குமாம். குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டுமாம். பிடிக்காவிட்டால்தான் தேய்ந்துபோன என்ஜினாம். ஆரோக்கியமாக இருக்கும்போது மாட்டிக்கொள்ளும் இயந்திரம் வேறு ஏதாவது உலகத்தில் உண்டா?

சரி, இன்று காலைக்கு வருகிறேன்.

மைதானத்துக்கு ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். டேங்கை நிரப்பினேன். எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான நீடிலை மூடி மூன்று சுற்றுத் திறந்தேன். கார்புரேட்டர் வாயை விரலால் அடைத்து இரண்டு சுற்று. எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக்கில் பேட்டரி கிளிப்பை மாட்டினேன். தட்டினேன். சத்தமில்லை. தட்டினேன். சத்தமில்லை.

இந்த மௌனம்தான் என்னைக் கொல்கிறது. ஸ்கூட்டர் இருமும். மிக்ஸி கருகும். கம்ப்யூட்டர்கூட ஏதோ ஒரு எண்ணைக் காட்டி வாயை மூடிக்கொள்ளும். இது எரிபொருள் போதாவிட்டாலும் சும்மா இருக்கிறது, அதிகமானாலும் சும்மா இருக்கிறது, ப்ளக் செத்துவிட்டாலும் சும்மா இருக்கிறது. எல்லா நோய்க்கும் ஒரே அறிகுறி. எந்த வைத்தியரால் மருந்து சொல்ல முடியும்?

ப்ளக்கைக் கழற்றினேன். வெளியே வைத்துக் கிளிப்பை மாட்டினால் கார்த்திகை தீபம் மாதிரி செக்கச் செவேலென்று எரிகிறது. உள்ளே போட்டால் கம்பி நனைந்து அணைந்துவிடுகிறதோ என்னவோ, எட்டிப் பார்க்கவா முடியும்? 1947 வாக்கில் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இந்த ப்ளக்கைப் பரப்பினார். அதற்கு முன்பு தீப்பொறிக்காகக் காயில், கண்டன்சர், பேட்டரி எல்லாவற்றையும் விமானமே சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருந்தது. இவர் வந்து எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச் சுருள். அதன்மேல் மெத்தனால் ஆவி பட்டால் வேதிவினையிலேயே சூடேறும். ஸ்டார்ட் ஆன பிறகு மின்சாரமே வேண்டாம், கிளிப்பைக் கழற்றிவிடலாம். மேதைமை, மறுக்கவில்லை. ஆனால் "ஸ்டார்ட் ஆன பிறகு" என்ற மூன்று சொல்லுக்குள் என் ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் அடக்கம். அதுவரை இந்த அற்பக் கம்பி மூன்று ஆம்பியர் கேட்கிறது. வோல்ட் ஒன்றரையோடு நிற்க வேண்டும். இரண்டு வோல்ட் கொடுத்தால் பட்டென்று போய்விடும். சுவர்க்கடிகாரத்து பேட்டரியைக் கொடுத்தால் பேட்டரி மூச்சுவிட்டுப் படுத்துவிடும்.

சென்னையிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் வழிகாட்டினார். "மூன்று சுற்றுத் திறங்கள் மச்சான், எனக்கு எப்போதும் அதுதான்." அவருக்கு அதுதான். அவர் கடற்கரையில் நிற்கிறார். நான் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே நிற்கிறேன். இங்கே காற்று மெல்லியது. அவருடைய மூன்று சுற்று எனக்கு வெள்ளப்பெருக்கு. இது எனக்கு உறைத்தபோது என்ஜினின் வயிற்றில் ஒரு குடம் எரிபொருள் சேர்ந்திருந்தது. ப்ளக்கைக் கழற்றிக் கவிழ்த்துச் சுற்றினேன். சைலன்சர் வழியாக ஊற்றியது, சிலிண்டர் தலை வழியாகப் பீய்ச்சியது, என் முகத்துக்கும் ஒரு பங்கு வந்தது.

இதற்குள் பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இலவச வேடிக்கை. ஒருவன் எண்ணத் தொடங்கினான். ஒந்து, எரடு, மூரு. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் தட்டத் தட்ட கோரஸ் ஏறியது. கன்னடத்தில் எண்ணக் கற்றுக்கொள்ள இவ்வளவு நல்ல வழி இல்லை. எழுபதுகள் வரை இன்று தடங்கலில்லாமல் பிடிபட்டுவிட்டது. நூறு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நூறு இரண்டு மொழியிலும் நூறுதான். அந்த ஒற்றுமையைக் கொண்டாடும் நிலையில் நான் இல்லை.

இந்த இடத்தில்தான் காபியோடு பெரியவர் வந்தார். கல்லூரி நாளில் என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் விட்டவராம். அப்போதெல்லாம் ஒரே தட்டில் ஓடுமாம். மூன்றே விஷயம்தானாம். "நீடிலைக் கொஞ்சம் மூடுங்கள்" என்றார். அடுத்த தட்டில், "இல்லை, கொஞ்சம் திறங்கள்" என்றார். பிறகு, "பழைய இடத்திலேயே விட்டிருக்கலாம்" என்றார்.

பெங்களூரில் இதையெல்லாம் கேட்பது கூடுதல் அவமானம். விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். நிறுவனம் 1940இலேயே தொடங்கப்பட்ட ஊர். எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்தால் தலைக்கு மேலே வானம் கிழிகிறது. இந்த ஊரில்தான் போர் விமானத்துக்கென்று காவேரி என்ஜினையும் உருவாக்க முயன்றார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகும் அந்தத் தேஜஸ் போர் விமானம் அமெரிக்க என்ஜினில்தான் பறக்கிறது. முன்பு அதைப் படித்தபோது நானும் ஏளனமாகச் சிரித்தவன்தான். இன்று அந்த விஞ்ஞானிகள் ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு அழத் தோன்றுகிறது. அவர்களிடமும் யாராவது மூன்றே விஷயம்தான் என்று சொல்லியிருப்பார்கள். (காவேரி வரவில்லை என்று பெங்களூரில் இருக்கும் தமிழன் உரக்கப் புலம்பவும் முடியாது. வேறு பொருளில் எடுத்துக்கொள்வார்கள்.)

கடைசியில் அது ஓடியது.

ஓடியது என்றா சொல்வது? பெரியவர் நான்காவது யோசனையைத் தொடங்க வாயைத் திறந்தார். நான் ஆத்திரத்தில் சிக்கன் ஸ்டிக்கால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். (சிக்கன் ஸ்டிக் தின்பதற்கு அல்ல. விரலைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் கோழைகளுக்கான ரப்பர் போர்த்திய குச்சி. நூறாவது தட்டுக்குப் பிறகுதான் நான் கோழையானேன்.) "டப்" என்று ஒரு வெடி. மிச்சமிருந்த எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனைப் பின்னோக்கி உதைத்துவிட்டது. ப்ரொப்பெல்லர் தன் வேகத்தில் ஒரு பக்கம் போகிறது, கிராங்க் மறுபக்கம் உதைக்கிறது, நடுவில் அகப்பட்ட நட்டு கழன்றுகொள்கிறது. நட்டு, வாஷர், 11 அங்குல ப்ரொப்பெல்லர், மூன்றும் விடுதலை பெற்று மூன்று திசையில் பறந்தன. முன்னால் நிற்காதே என்ற ஒரே பாடத்தையாவது நான் ஒழுங்காகப் படித்திருந்ததால் என் பற்கள் பிழைத்தன. பையன்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். இன்று காலை முழுவதிலும் என் உடைமையில் பறந்தது அந்த மூன்று பொருள்தான். அந்த வகையில் பெரியவர் சொன்ன கணக்குச் சரி.

ப்ரொப்பெல்லர் கிடைத்தது. வாஷர் கிடைத்தது. நட்டு மைதானத்து ஓரச் சாக்கடையில் விழுந்ததைப் பார்த்ததாக ஒரு பையன் சத்தியம் செய்தான். பேட்டால் கிளறிப் பார்த்தோம். சாக்கடையில் இருந்தவை பற்றி எழுத விரும்பவில்லை.

வேறு நட்டு வாங்கலாம் என்று நடந்து போய் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். கடைக்காரர் ஆறு மில்லிமீட்டர் நட்டை எடுத்து நீட்டினார். என் கிராங்க் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 28 மரை. ஆறு மில்லிமீட்டர் நட்டு தலையைக்கூட நுழைக்காது. "கொஞ்சம் அழுத்தித் திருகுங்கள் சார், போய்விடும்" என்றார். யாருமே இந்த ஊரில் அளந்து பார்க்க மாட்டார்களா? தையற்காரர், தச்சர், வீட்டுத் தரகர், எல்லோருக்கும் "கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்". என் வீட்டுக் குளியலறைக் கதவு ஆறு மாதமாக மூடவில்லை. அதற்கும் இதே பதில்தான்.

ஆட்டோ பிடித்தேன். ஒன்றரை மீட்டர் இறக்கை, பழைய போர்வையில் சுற்றியது, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார், கட்டணத்தை மட்டும் மாற்றவில்லை. மீட்டருக்கு மேல் பாதி. இறக்கை வெளியே நீட்டுவதால் அது நியாயமாம். வண்டி நகர்ந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணா, இது டூ ஸ்ட்ரோக் வாசனை ஆயிற்றே?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய பழைய ஆட்டோவும் டூ ஸ்ட்ரோக்தானாம், கையால் நெம்புகோலை இழுத்து ஸ்டார்ட் செய்வது. மழைநாளில் நாற்பது இழுப்பு இழுத்துத் தோள்பட்டை விலகியிருக்கிறதாம். ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏன் பிறகு ஆனது, எதுவும் கடைசிவரை தெரியாதாம். "அதற்கு மனசு வர வேண்டும் அண்ணா" என்றார். இன்று முழுவதும் நான் கேட்ட ஒரே உருப்படியான பொறியியல் கருத்து.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைக் கடந்தோம். 1991 முதல் 2009 வரை திறக்க விடாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே வைத்திருந்தார்கள். அவ்வளவு பொறுமை அவருக்கு. ஆனால் அவர் கையால் ப்ரொப்பெல்லர் எதையும் தட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வீட்டு வாசலில் இறங்கினேன். பணத்துக்காகப் பையைத் துழாவினேன். எரிபொருள் கேன் இருக்கிறது, கிளிப் இருக்கிறது, கோழைக்குச்சி இருக்கிறது. ப்ளக்கைக் கழற்றும் சாவியைக் காணோம். பெரியவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காபி ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில் கல் பெஞ்சில் வைத்தார்.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். ஓட்டுநரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

"திரும்ப அங்கேயே போக வேண்டும்" என்றேன்.

"இறக்கையோடா, இறக்கை இல்லாமலா?" என்று கேட்டார்.

இறக்கையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு வந்து ஏறினேன். அப்போதும் மீட்டருக்கு மேல் பாதிதான். இப்போது வாசனைக்காம்.