அவரும் என்னோடு மூச்சு வாங்கினார்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பஸ்ஸில் போகும்போது திடீரென நெஞ்சு படபடத்தது. விரல்கள் மரத்தன, தலை சுற்றியது. மாரடைப்பென்றே நினைத்தேன். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. வந்தது பீதித் தாக்குதல் (பேனிக் அட்டாக்) என்று பின்னால்தான் புரிந்தது. அதன்பின் அறிவுரை மழைதான். 'தைரியமாக இரு', 'எதையும் யோசிக்காதே', 'குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்'. முதலில் பார்த்த ஆலோசகரும் நாற்பது நிமிடம் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசி அனுப்பிவைத்தார். நான் பஸ் ஏறுவதையே விட்டிருந்தேன்.

அடுத்துப் பார்த்த உளவியலாளர் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அளிப்பவர். பரிசோதனை அறிக்கைகளை வாங்கிப் படித்தார். மூன்றாம் வாரம், "வேகமாக மூச்சு விட்டுப் பார்ப்போமா? நானும் செய்கிறேன்" என்றார். எழுந்து நின்று இருவரும் இரைக்க இரைக்க மூச்சு விட்டோம். ஒரு நிமிடத்துக்குள் அதே மரத்துப்போதல், அதே தலைசுற்றல். அவருக்கும்தான்! வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால் வருபவை இவை என்று விளக்கினார். உடலின் சாதாரண மாற்றத்தை 'சாகப்போகிறேன்' என்று தவறாகப் படிப்பதே பீதியை வளர்க்கிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் எழுதியதை, நான் அந்த அறையில் என் உடம்பிலேயே கண்டேன்.

இந்தச் சிகிச்சையை 1960-களில் பிலடெல்பியாவில் உருவாக்கிய ஆரோன் பெக், நோயாளியின் எண்ணத்தைத் தவறு என்று வாதாடி முறியடிக்கச் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கச் சொன்னார். அந்த 'சேர்ந்து' என்ற சொல்லில்தான் நான் பிழைத்தேன்.

'தானாக மனசு வைப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் பலிக்கும்' என்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. உழைப்பு வேண்டும், மறுக்கவில்லை. வாரத்தின் 168 மணி நேரத்தில் அவரோடு இருந்தது ஒரு மணி நேரம். மற்றதெல்லாம் என் பாடு. ஆனால் முதல் நாள் எனக்கு எந்த ஊக்கமும் இருக்கவில்லை. என் மனைவி கையைப் பிடித்து அழைத்துப்போனார். 'மயங்கி விழுவேன், 90 சதவீதம்' என்று தாளில் எழுதிவிட்டு, தண்ணீர் பாட்டில் இல்லாமல், படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல், ஒரே ஒரு நிறுத்தம் பயணம் செய்தேன். வியர்த்தது. விழவில்லை. அடுத்த வாரம் மூன்று நிறுத்தம் போகலாமா என்று நானே கேட்டேன். சோர்ந்து கிடப்பவரிடம் ஊக்கத்தைக் கொண்டுவா என்பது, காய்ச்சல்காரனிடம் காய்ச்சலை இறக்கிவிட்டு வா என்பதற்குச் சமம்.

மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. பலருக்கு அதுவும் சேர்ந்தே தேவைப்படும். ஆலோசகரிடம் போகிறவர்கள், "இந்த வாரம் நாம் எதைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம்?" என்று தயங்காமல் கேளுங்கள். யாரிடம் போவதென்றே தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மனாஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.