ஒப்புக்குச் சப்பாணி

சின்ன வயதில் எங்கள் தெருவில் கள்ளன் போலீஸ் ஆடும்போது, ஏதாவது ஒரு பொடிசு தானும் வருவேன் என்று அழும். அதன் அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டால் வேறு வழியில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வோம். அது ஓடலாம், ஒளியலாம், யாரையாவது தொடவும் செய்யலாம். எதுவும் கணக்கில் வராது. ஆட்டத்தில் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கும். இல்லை என்பது அதைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லில் இருக்கும் சப்பாணி யார் என்று அன்றைக்கு நாங்கள் யோசித்ததே இல்லை.

போன மாதம் என் மகளின் பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா. ஏழாம் வகுப்பு. அவளுடைய வகுப்பில் காது கேளாத சிறுமி ஒருத்தி இருக்கிறாள். ஓட்டத்தில் அவளைப் பிடிக்கவே முடியாது என்று என் மகள் ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நூறு மீட்டர் ஓட்டத்தில் அவளைத் தேடினேன், காணவில்லை. சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்பு 'சிறப்புக் குழந்தைகளுக்கான ஓட்டம்' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூன்று பேர். காலில் காலிப்பர் போட்ட ஒரு பையன், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையன், இவள். 50 மீட்டர். இவள் எல்லைக்கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது மற்ற இருவரும் பாதி தூரம்கூட வரவில்லை. எல்லோரும் பலமாகக் கைதட்டுங்கள் என்று அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டார், தட்டினோம். மூவருக்கும் முதல் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். சிறப்பு விருந்தினருடன் ஒரு புகைப்படம்.

(பிள்ளைத்தமிழில் சப்பாணி என்றால் குழந்தை கைகொட்டும் பருவம். நம் விழாக்களில் கைகொட்டுவது மட்டும் பெரியவர்களின் வேலை.)

அந்தச் சிறுமியை ஏன் நூறு மீட்டரில் ஓட விடவில்லை என்று கேட்டேன். "விசில் கேட்காதே, மேடம்" என்றார்கள். விசில் கேட்காது என்பது உண்மைதான். 2013-இல் அமெரிக்கக் கல்வித் துறை அந்நாட்டுப் பள்ளிகளுக்கு எழுதிய கடிதத்தில் இதே சிக்கலை உதாரணமாகச் சொல்லியிருக்கிறது: ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி ஒலிக்கும் அதே நொடியில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளமும் காட்டட்டும், காது கேளாத பிள்ளையும் மற்றவர்களோடு ஓடட்டும் என்று. நமக்கு ஒரு கொடி போதும். அன்று அந்த மூன்று பிள்ளைகளின் தேவையும் மூன்று விதம். நாம் கொடுத்தது ஒரே மாதிரி மூன்று டிபன் பாக்ஸ்.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை. என்னோடு படித்தவள் ஒருத்திக்குப் போலியோவால் ஒரு கால் சூம்பியிருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பி.டி. பீரியடில் எங்கள் கடிகாரங்களுக்கும் செருப்புகளுக்கும் அவள்தான் காவல். பள்ளிக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் அவள் கல்லெறிந்தால் குறி தப்பாது, அப்படி ஒரு கை. நாங்கள் ஆடியதோ எறிபந்து. சர்வீஸ் போட ஓட வேண்டுமா என்ன? ஐந்து வருடத்தில் எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை, டீச்சருக்கும் தோன்றவில்லை.

சட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 16-ஆம் பிரிவு, பள்ளிகள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதோடு, விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. சமமான வாய்ப்பு என்றால் தனி ஓட்டம் என்று நாம் பொருள் செய்துகொண்டோம்.

அமெரிக்காவின் மேரிலாண்டிலும் ஒரு பள்ளி நிர்வாகம் அப்படித்தான் பொருள் செய்தது. டட்யானா மெக்ஃபாடன் சக்கர நாற்காலியில் ஓடும் வீராங்கனை. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றுவிட்டு உயர்நிலைப் பள்ளிக்கு வருகிறார். பள்ளி அவரை ஓட விட்டது, ஆனால் தனியாக. காலியான தடத்தில் அவர் மட்டும். பதினைந்து வயதில் உலக மேடை ஏறிய பெண்ணுக்கு ஒப்புக்கு ஓர் ஓட்டம்! குடும்பம் வழக்குப் போட்டது. மற்ற மாணவிகள் ஓடும் அதே நேரத்தில் அவரும் ஓடலாம் என்று 2006-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2008-இல் அந்த மாநிலம் பள்ளி விளையாட்டுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கொடி மட்டும் போதாது, ஆட்டத்தின் விதியே கொஞ்சம் மாற வேண்டும். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பின் 'யுனிஃபைடு ஸ்போர்ட்ஸ்' முறையில் அவர்களும் மற்றவர்களும் ஒரே அணி, ஒரே சீருடை. கூடைப்பந்து என்றால் களத்தில் நிற்கும் ஐவரில் மூவர் குறைபாடு உள்ளவர்கள், இருவர் மற்றவர்கள். வாலிபாலில் மூன்றுக்கு மூன்று. நன்றாக ஆடும் ஒருவரே பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துவதும் கூடாது. எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கைதான். அந்த மூவர் வராவிட்டால் அணி இறங்கவே முடியாது. மற்ற இருவரும் பயிற்சி நாளில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று அழைத்து வருவார்கள், இரக்கத்தினால் இல்லை, ஜெயிக்க வேண்டுமே என்பதற்காக.

இதற்கு நேர்எதிரான வீடியோ ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு அணிகளும் விலகி நிற்க, குறைபாடு உள்ள ஒரு பையனிடம் பந்தைக் கொடுத்துக் கூடையில் போட வைப்பார்கள். விழும்வரை பந்தை எடுத்து எடுத்துக் கொடுப்பார்கள். அரங்கமே அழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பந்தை யாரும் தடுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது என்றா நினைக்கிறார்கள்?

தனிப் போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியது பாராலிம்பிக்கில்தான். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஆனால் அவருடைய தொடக்கத்தையும் பாருங்கள். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பையனை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் குறைபாடு இல்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு அந்தப் பையன் இரண்டாமிடம் வந்தான். அன்று யாராவது 'உனக்குத் தனியாக வைக்கிறோம் தம்பி, ஓரமாக இரு' என்று சொல்லியிருந்தால்?

இதையெல்லாம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பதக்கச் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீடு, தன் பிள்ளையின் இடம் போய்விடுமோ என்று ஒரு தந்தை பதறினார். பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிக்கு வேகமாக ஓடுகிறவர்கள்தான் போக வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவர் மகனைவிட அந்தக் காது கேளாத சிறுமி வேகமாக ஓடினால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய உண்மையான கவலை என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நேற்று பள்ளிக்குப் போய் பி.டி. ஆசிரியரைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு நூறு மீட்டருக்கு விசிலோடு சேர்த்து ஒரு கொடியும் காட்ட முடியுமா, வேண்டுமானால் கொடியை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எதற்கு மேடம் வாங்குகிறீர்கள்? ஸ்டோர் ரூமில் நாலு கிடக்கிறது" என்றார்.